காலுக்கு இறங்கும் வலியும் கைரோபிராக்டர் மேசையும்

“இடுப்புகூடப் பரவாயில்லை, காலுக்கு இழுக்குதே, அதுதான் தாங்க முடியல” என்று சொல்கிறவர்களுக்கான அத்தியாயம் இது. இவர்களில் பலர் எலும்பு மருத்துவரைப் பார்த்திருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள், நரம்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கிடையே யாராவது ஒரு யூடியூப் காணொளியை அனுப்பிவைப்பார்கள். அதில் ஒருவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஓர் அழுத்து அழுத்துவார்கள், ‘படக்’ என்று சத்தம் கேட்கும், அவர் எழுந்து சிரித்துக்கொண்டே நடப்பார். உடனே கேள்வி வரும்: கைரோபிராக்டரிடம் போகலாமா?

போகலாம். ஆனால் எல்லாக் கால்வலிக்கும் அல்ல, எல்லாரிடமும் அல்ல, காலவரையின்றியும் அல்ல.

உங்கள் வலி எது?

இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் சயாட்டிகா வலிக்கு ஒரு பாதை உண்டு. புட்டத்தில் தொடங்கும், தொடையின் பின்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ இறங்கும், முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகும். பெரும்பாலும் ஒரு காலில்தான். இருமினால், தும்மினால், கழிப்பறையில் முக்கினால் சுரீரென்று ஏறும். நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கூடும். கூடவே மதமதப்பு, எறும்பு ஊர்வது, பாதத்தில் எரிச்சல் இருக்கலாம். வலி தொடையோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தசையிலிருந்தோ மூட்டிலிருந்தோ வருவது. அதைச் சயாட்டிகா என்று எண்ணி மருந்து தேடவேண்டாம்.

சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்த நரம்பு. கீழ்முதுகில் எல்4, எல்5 என்று எண்ணிட்ட மட்டங்களிலிருந்தும் அதன் கீழே எஸ்1, எஸ்2, எஸ்3 மட்டங்களிலிருந்தும் புறப்படும் வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. வலி முடிகிற இடத்தைக் கவனித்தால் எந்த வேர் சிக்கியிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். மேல்பாதத்திலும் கட்டைவிரலிலும் மதமதத்தால் எல்5. பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல், குதிகால் என்றால் எஸ்1. மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் கால்படம் வரைந்து வலியை ஒரு நிறத்திலும் மரத்த இடத்தை இன்னொரு நிறத்திலும் தீட்டிக்கொண்டு போங்கள். “கால் பூரா வலிக்குது” என்று சொல்வதைவிட அந்தத் தாள் அவருக்கு எவ்வளவோ உதவும்.

வேரை நெருக்குவது பத்தில் ஒன்பது பேருக்கு ஜவ்வு. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுக்குள் நுங்கு மாதிரி வழவழப்பான கூழ் இருக்கிறது, சுற்றிலும் நார்வளையம். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கும்போது பக்கத்திலிருக்கும் வேரைத் தொடுகிறது. தொடுவதால் மட்டும் வலிப்பதில்லை, அந்தக் கூழிலுள்ள வேதிப்பொருள்கள் நரம்பைச் சுற்றி அழற்சியையும் கிளப்பிவிடுகின்றன. முதல் இரண்டு வாரம் வலி அவ்வளவு மூர்க்கமாக இருப்பதற்கு இந்த அழற்சி ஒரு முக்கியக் காரணம். ஜவ்வுக்கும் சயாட்டிகாவுக்கும் உள்ள தொடர்பை பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல்தான் தெளிவாக எழுதிவைத்தார்கள்.

வேறு சில வலிகள் இதே வேடத்தில் வரும். இரண்டு பாதமும் ஒரேமாதிரி எரிந்தால், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிக்கு, அது நீரிழிவு நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்; முதுகை யார் அழுத்தினாலும் தீராது. அறுபதைத் தாண்டியவருக்கு நடந்தால் இரண்டு காலும் கனத்து, குனிந்து நின்றாலோ உட்கார்ந்தாலோ விட்டுப்போனால் தண்டுவடக் குழாய்ச் சுருக்கத்தை நினைக்கவேண்டும். கடையில் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டால் எவ்வளவு தூரமும் நடப்பார்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, சும்மா நின்றாலே விட்டுப்போனால் காலின் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்து இரண்டொரு நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. புட்டத்துக்குள்ளிருக்கும் பிரிஃபார்மிஸ் தசை இறுகி நரம்பை நெருக்குவதும் உண்டு. தடித்த பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்தபடி நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் அந்தப் பர்ஸை இடம் மாற்றிப் பார்க்கலாம். செலவில்லாத வைத்தியம்.

கைரோபிராக்டரை மறந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டிய நேரம்

இந்தப் பகுதியை வீட்டிலுள்ள இன்னொருவரும் படித்துவைப்பது நல்லது. சிறுநீர் முட்டிக்கொண்டும் போகாமல் நின்றுவிட்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்து வந்தாலோ, அது தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக்கொத்து மொத்தமாக நசுங்குவதன் அடையாளம். உடனே எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் உடனே அறுவை சிகிச்சை. காலை விடியட்டும் என்று காத்திருந்தவர்களில் சிலர் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு இருக்கிறார்கள். சொல்லக் கூச்சப்படுகிற அறிகுறிகள் என்பதாலேயே நம் வீடுகளில் இவற்றை, பெண்கள் குறிப்பாக, மறைத்துவிடுகிறார்கள்.

நடக்கையில் பாதம் தொங்கித் தரையில் தட்டினாலும் தாமதிக்கக்கூடாது. மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி மூன்றும் சேர்ந்தால், நம் ஊர்களில் முதுகெலும்புக் காசநோயை விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும். காசநோய் அரித்த எலும்பின் மேல் கைவைத்து அழுத்துவது பேராபத்து. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், எலும்புத் தேய்மானம் முற்றியவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரிடம் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை வாய்திறந்து சொல்லவேண்டும், கேட்கட்டும் என்று இருக்கக்கூடாது.

யார் இந்தக் கைரோபிராக்டர்?

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தரும் இந்தத் தொழிலைத் தொடங்கிய டேனியல் டேவிட் பாமர் 1845இல் கனடாவின் ஒன்ராறியோவில், இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பிக்கரிங் பகுதியில் பிறந்தவர். இளவயதில் அமெரிக்கா போய், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1895 செப்டம்பரில், அவர் இருந்த கட்டடத்தைச் சுத்தம் செய்துவந்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பு ஒன்றை அழுத்தியதும் அவருக்குப் போயிருந்த காது திரும்பக் கேட்டது என்பது பாமர் சொன்ன கதை. இரண்டு ஆண்டில் பள்ளி தொடங்கினார். முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பின் ஓட்டத்தைத் தடுப்பதே ஏறத்தாழ எல்லா நோய்க்கும் மூலம் என்பது அவர் கொள்கை. உரிமமின்றி மருத்துவம் பார்த்ததாக 1906இல் சிறைக்கும் போனார். அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலைப் பல பத்தாண்டுகள் ஒதுக்கியே வைத்தது. 1976இல் கைரோபிராக்டர்கள் சிலர் தொடுத்த வழக்கில், அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதக் கூட்டு என்று 1987இல் தீர்ப்பு வந்தது.

பழங்கதை எதற்கு என்று தோன்றலாம். இன்றைக்கும் இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சாரார் பாமரின் கொள்கையை அப்படியே வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தினால் சர்க்கரை முதல் ஒவ்வாமை வரை சரியாகும் என்பார்கள். மற்ற சாரார் முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நிறுத்திக்கொண்டு, நரம்புப் பரிசோதனை செய்து, உடற்பயிற்சி சொல்லித்தந்து, தேவையானபோது மருத்துவருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள். உங்கள் காலுக்கு வேண்டியவர் இரண்டாமவர். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படங்களே பாதி சொல்லிவிடும். ஒவ்வொரு முள்ளெலும்பிலிருந்தும் ஒரு கோடு இழுத்து கல்லீரல், தைராய்டு, மலட்டுத்தன்மை என்று எழுதிய படம் தொங்கினால் எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் கட்டாயம். பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பொதுக் கைரோபிராக்டிக் மன்றத்தில் பதிவு இல்லாதவர் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. ஒன்ராறியோவில் முதுகெலும்பு மூட்டை அதன் இயல்பான எல்லைக்கு அப்பால் வேகமாகத் தள்ளுவது, சட்டம் குறிப்பிட்ட தொழிலர் மட்டுமே செய்யத்தக்க காரியம். மாகாணக் கைரோபிராக்டர் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறதா என்பதும் தெரியும். அங்கே அரசுக் காப்பீடு 2004 முடிவிலிருந்து இந்தச் செலவை ஏற்பதில்லை. வேலையிடக் காப்பீட்டில் ஆண்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இத்தொழிலுக்கெனச் சட்டப்படியான பதிவு மன்றம் கிடையாது. சென்னையிலோ கோவையிலோ பலகை மாட்டியிருப்பவர் வெளிநாட்டில் நான்காண்டு முழுநேரப் படிப்பு முடித்தவராகவும் இருக்கலாம், இரண்டு வாரப் பயிற்சி முகாமுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். முழுப் படிப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் குறித்த அளவு குறைந்தது 4,200 மணி நேரம். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. பதிலில் தயக்கம் தெரிந்தால், முதுகு வைத்தியத்தில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போங்கள். அவரும் இதே கைமுறைகளில் பலவற்றைச் செய்யக்கூடியவர், சயாட்டிகாவைப் பொறுத்தவரை நீங்கள் எதையும் இழக்கமாட்டீர்கள். ஊரில் சுளுக்கு வழிக்கிறவரிடம் முதுகைக் கொடுப்பதும், பேரப்பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்வதும் காலுக்கு இழுக்கிற வலியில் வேண்டவே வேண்டாம்.

முதல் நாள்

முதல் சந்திப்பில் கைச்சிகிச்சை தொடங்குவதற்கு முன் அரைமணி நேரமாவது பேச்சும் பரிசோதனையும் நடக்கவேண்டும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாக மெல்லத் தூக்குவார். சுமார் 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால் நரம்புவேர் இழுபடுகிறது என்று பொருள். தொடையின் பின்தசை மட்டும் இறுகினால் அது கணக்கில் சேராது. நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கிற காலில் இழுத்தால் ஜவ்வுப் பிதுக்கத்துக்கு அதைவிட வலுவான சான்று. லாசேக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இந்தச் சோதனை வழங்குகிறது. அவருடைய மாணவர் 1881இல் அதை எழுதுவதற்கு ஓராண்டு முன்பே செர்பிய மருத்துவர் லாசரேவிச் எழுதிவிட்டார். பெயர் போய்ச் சேர்ந்தது பாரிசுக்கு.

பிறகு நுனிக்காலில் நடக்கச் சொல்வார். எஸ்1 வேர் பலவீனப்பட்டிருந்தால் அந்தப் பக்கக் குதிகால் எழும்பாது. குதிகாலில் நடக்கச் சொல்வார். முன்பாதம் தாழ்ந்தால் எல்5. கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் எதிர்த்து அழுத்துவார். சுத்தியலால் குதிகால் நாணைத் தட்டுவார். பஞ்சாலோ ஊசிமுனையாலோ இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சிறுநீர், மலம் பற்றிக் கட்டாயம் கேட்பார். இதில் எதையும் செய்யாமல் நேராக மேசைக்கு அழைத்தால், அவருக்கு நீங்கள் ஒரு முதுகு மட்டுமே. எழுந்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்காமல் தொடங்குவது தவறா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆபத்து அறிகுறி இல்லாதவரை முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் தேவைப்படுவதில்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு புடைப்பு இருந்தது. ஆகவே அறிக்கையிலுள்ள ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற இரண்டு சொல்லைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைத் தொலைக்கவேண்டாம். முதல் நாளே முழு முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்து, அதன்மேல் சிவப்புக் கோடுகள் போட்டு “பாருங்கள், எவ்வளவு கோணல்” என்று காட்டுவது வியாபாரம். எக்ஸ்ரேயில் ஜவ்வும் தெரியாது, நரம்பும் தெரியாது.

மேசையில் என்ன நடக்கும்?

சயாட்டிகாவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, காணொளியில் பார்த்த ‘படக்’ அல்ல. அமெரிக்கக் கைரோபிராக்டர் ஜேம்ஸ் காக்ஸ் பரப்பிய வளைத்து-இழுக்கும் முறை உண்டு. குப்புறப் படுக்கிறீர்கள். மேசையின் கீழ்ப்பாதி தனியே அசையும். ஒரு கையை உங்கள் கீழ்முதுகில் ஊன்றிக்கொண்டு, மறுகையால் மேசையின் அந்தப் பாதியைச் சில அங்குலம் தாழ்த்தி, விட்டு, மறுபடி தாழ்த்துவார். சத்தம் வராது, அதிர்ச்சி இருக்காது. முதலில் காலை மேசையில் கட்டாமலே செய்து பார்த்து, பாதத்தில் வலி கூடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஆழத்தைக் கூட்டவேண்டும். கடுமையான வலியில் வருபவருக்கும் வயதானவருக்கும் இது தாங்கும். இதன் பெயரைச் சொல்லி, கணினி பொருத்திய ‘டிகம்ப்ரஷன்’ இயந்திரத்தில் இடுப்பைப் பட்டையால் கட்டி இழுப்பதற்கு இருபது, முப்பது தடவைக்கு மொத்தமாகப் பணம் கேட்பார்கள். பிரிட்டன் அரசின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இழுவைச் சிகிச்சையே வேண்டாம் என்கிறது. அதே ஆவணம் இடுப்புப் பெல்ட், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் மின்சிகிச்சை ஆகியவற்றையும் வேண்டாம் என்கிறது. நம் ஊர் முதுகு வைத்தியத்தில் பாதி இதிலேயே ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

வேக அழுத்தம் இரண்டாவது முறை. பெரும்பாலும் வலிக்கிற கால் மேலே இருக்கும்படி பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல்முழங்காலை மடக்கி, தோளை ஒருபுறமும் இடுப்பை மறுபுறமும் பிடித்து, மூட்டு இறுகும் எல்லைவரை கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தம்தான் நீங்கள் கவனிக்கவேண்டிய இடம். அப்போதே கால் கீழே வலி பாய்ந்தால் “நிறுத்துங்கள்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல கைக்காரர் உடனே விட்டுவிட்டு நிலையை மாற்றுவார். “மூச்சை விடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று சமாதானம் சொல்லிக்கொண்டே அழுத்துகிறவரிடம் மறுமுறை போகாதீர்கள். சத்தம் எலும்பு எலும்போடு உரசுவதோ, விலகிய ஜவ்வு உள்ளே போய் உட்கார்வதோ இல்லை. மூட்டுப்பைக்குள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாவதால் எழுவது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்து 2015இல் அதைக் காட்டினார்கள். சத்தம் வராவிட்டாலும் குறையில்லை. காணொளிகளில் அது அவ்வளவு பெரிதாகக் கேட்பதற்குக் காரணம், பக்கத்திலேயே வைத்திருக்கும் மைக்.

கால்வலிக்குப் போனவரின் கழுத்தைத் திருப்ப எந்த அவசியமும் கிடையாது. கழுத்தை வேகமாகத் திருப்புவதில், அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. “வந்ததுக்கு அதையும் பார்த்துடலாம்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பின் ஒருநாள், அதிகம் போனால் இரண்டுநாள் முதுகில் நோவு இருப்பது சாதாரணம், பாதிப்பேருக்கு வரும். பாதத்தில் புது மதமதப்போ பலவீனமோ வந்தால் அது சாதாரணம் இல்லை. கையால் அழுத்தியே ஜவ்வு வெடித்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒன்ராறியோவின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. கைரோபிராக்டரைப் பார்த்த பிறகு ஜவ்வு பிதுங்கி அவசரமாக அறுவை செய்யவேண்டி வரும் வாய்ப்பு, குடும்ப மருத்துவரைப் பார்த்த பிறகு வரும் வாய்ப்பைவிட அதிகமாக இல்லை. ஜவ்வு பிதுங்கத் தொடங்கிய வலியோடுதான் மக்கள் இருவரிடமும் போகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

உண்மையில் பலன் எவ்வளவு?

ரோமில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றைக் கைரோபிராக்டர்கள் அடிக்கடி காட்டுவார்கள். ஜவ்வுப் பிதுக்கமும் புதிதாக வந்த கால்வலியும் உள்ள 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான கைச்சிகிச்சையும் மறுபகுதிக்குப் பாவனையும் செய்தார்கள். கால்வலி முற்றிலும் நீங்கியவர்கள் முதல் பகுதியில் 55 சதவீதம், பாவனைப் பகுதியில் 20 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு உண்மைச் சிகிச்சையிலும் வலி முழுதாகப் போகவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

அமெரிக்காவில் 192 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வு இன்னும் நிதானமானது. வீட்டுப் பயிற்சியும் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களைவிட, அவற்றோடு கைச்சிகிச்சையும் பெற்றவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் கால்வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. கனடாவின் கல்கரியில் அறுவைக்கு அனுப்பப்பட்ட 40 பேரில் பாதிப்பேருக்குக் கைரோபிராக்டிக் செய்து பார்த்தார்கள். அவர்களில் 60 சதவீதம் பேர், அறுவை செய்துகொண்டவர்கள் அளவுக்கு நலம் பெற்றார்கள். மீதிப்பேர் பிறகு அறுவைக்குப் போய் நன்றாக ஆனார்கள், காத்திருந்ததால் கெட்டுப்போகவில்லை. சின்ன ஆய்வு, ஆனாலும் அறுவையா கைச்சிகிச்சையா என்று தவிப்பவருக்குப் பயன்படும் செய்தி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு இது: கைச்சிகிச்சை சயாட்டிகாவைக் குணப்படுத்துவதில்லை. உடம்பு தானே குணமாகும் காலத்தில் வலியைக் கொஞ்சம் சீக்கிரம் தணித்து, மாத்திரையைக் குறைத்து, உங்களை நடக்கவைக்கிறது. பிதுங்கிய ஜவ்வை உடம்பே உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்கேனில் பயமுறுத்தும் பெரிய பிதுக்கங்கள்தாம் சின்னப் புடைப்பைவிட அதிகமாகச் சுருங்குகின்றன. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி வெகுவாகத் தணிந்துவிடும். நைஸ் அமைப்பும் கைச்சிகிச்சையைத் தனியாக ஏற்கவில்லை, உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டும் ஏற்கிறது. பயிற்சி எதுவும் சொல்லித்தராமல் வாரம் மூன்றுமுறை வரச்சொல்பவர் பாதி வேலைதான் செய்கிறார்.

எத்தனை தடவை, எவ்வளவு பணம்?

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்றுமுறை, பிறகு ஒன்று. நான்கு வாரத்தில் நின்று யோசிக்கவேண்டும். யோசிக்க ஓர் அளவுகோல் வேண்டும். எத்தனை நிமிடம் வலியில்லாமல் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு வருகிறது என்ற மூன்றையும் முதல் நாளே குறித்துவையுங்கள். கூடவே வலி எதுவரை இறங்குகிறது என்பதையும் பாருங்கள். பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து புட்டத்துக்கும் வலி மேலேறி வந்தால், இடுப்பில் வலி கூடினாலும்கூட, அது நல்ல அறிகுறி. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி 1950களில் கவனித்து வளர்த்தெடுத்த உண்மை இது. இன்றைக்கும் முதுகு வைத்தியத்தில் இதற்கு மேலான வழிகாட்டி குறைவு. வலி கீழ்நோக்கி நீண்டுகொண்டே போனால் அந்தச் சிகிச்சை, யார் செய்தாலும், உங்களுக்கு ஒத்துவரவில்லை.

நாற்பது தடவைக்கு முன்பணம், வருடச் சந்தா, “இன்றே சேர்ந்தால் பாதி விலை” என்பவற்றில் கையெழுத்துப் போடாதீர்கள். வலி போன பிறகும் ‘பராமரிப்புக்காக’ மாதாமாதம் வரவேண்டும் என்பதற்கு, சயாட்டிகாவைப் பொறுத்தவரை, வலுவான சான்று இல்லை. அந்தப் பணத்தில் நல்ல நடைச் செருப்பு வாங்கலாம்.

வீட்டில்

படுத்தே கிடப்பது உதவாது. நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளை வைத்து 1999இல் பார்த்தார்கள். இரண்டு வாரம் படுத்திருந்தவர்களும் நடமாடியவர்களும் ஒரேமாதிரிதான் தேறினார்கள். ஆகவே தாங்குகிற அளவுக்கு, ஐந்து ஐந்து நிமிடமாகவாவது நடங்கள். தரையில் சப்பணமிட்டு நெடுநேரம் உட்கார்வதும், இந்தியக் கழிப்பறையில் குந்துவதும் முதல் சில வாரம் பலருக்கு வலியைக் கிளப்பும். முடிந்தால் மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறுங்கள், மலச்சிக்கல் வராமல் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டர் நகர்த்துவது, காலையில் எழுந்ததும் குனிந்து கோலம் போடுவது எல்லாம் தள்ளிப்போடலாம். எழுந்தவுடன் ஜவ்வு நீர் ஊறி உப்பியிருக்கும், அந்த முதல் மணி நேரத்தில் குனிவது மற்ற நேரத்தைவிடக் கெடுதல். தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்துவது பலருக்கு வலியை மேலேற்றும். சிலருக்கு நேர்மாறாகக் கீழே தள்ளும், தள்ளினால் விட்டுவிடவேண்டும். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி, பாதத்தை ஆட்டி, மறுபடி மடக்கும் நரம்பு நழுவல் பயிற்சியை வலி வரும் எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்திச் செய்யவேண்டும். காலை நீட்டிக் கட்டைவிரலைத் தொட்டு நரம்பை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் சயாட்டிகா என்றாலே பிரிகாபலின் எழுதித்தருவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான நேர்த்தியான ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. நீங்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

ஆறு முதல் எட்டு வாரமாகியும் அளவுகோல் நகரவில்லை என்றால் கைரோபிராக்டரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அப்போதுதான் எம்.ஆர்.ஐ.க்கும் முதுகெலும்பு நிபுணருக்குமான நேரம். அறுவை என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் பயம் அளவுக்கு மீறியது. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று சொல்லாத பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் நீங்கியது. காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு பகுதியிலும் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பாதபலம் குறையாதவரை காத்திருப்பதா, அறுத்துக்கொள்வதா என்பது பெரும்பாலும் வலியை எவ்வளவு தாங்குவீர்கள், வேலைக்கு எப்போது திரும்பவேண்டும் என்பதைப் பொறுத்து நீங்களே எடுக்கும் முடிவு.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சிகிச்சையில் இருந்தாலும் தினமும் காலையில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்தடி, நுனிக்காலில் பத்தடி நடந்து பாருங்கள். நேற்று எழும்பிய பாதம் இன்று எழும்பவில்லை என்றால், கைரோபிராக்டருடன் வாங்கிவைத்த நேரத்தை ரத்து செய்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.